வாள் உபயம்

நான் ஒரு வாழைமரத்தை ஏமாற்றியிருக்கிறேன்.

மனிதர்களை ஏமாற்றியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிடிபட்டால் மன்னிப்புக் கேட்கலாம், பிடிபடாவிட்டால் மறந்துவிடலாம். வாழைமரத்திடம் இரண்டும் சரிவராது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்து, தலைமயிரில் பாதி நரைத்து மீதி கொட்டிய பிறகு, எழுதியாவது பாரத்தை இறக்கிவைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கதை தொடங்கியது என் வாயில். என் கஷ்டங்கள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

லண்டன் மோர்டனில் எங்கள் கோயில் என்பது ஒரு வாடகை மண்டபம். செவ்வாய்க்கிழமை அங்கே கராத்தே. புதன்கிழமை வெள்ளைக்கார அம்மாக்கள் கம்பளி பின்னுவார்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு பிற்பகலும் அம்பாளுக்கு. மற்ற நாட்களில் அம்பாள் ஒரு பூட்டுப்போட்ட அலுமாரிக்குள், கராத்தேப் பாய்களுக்குப் பக்கத்தில், பொறுமையாக இருப்பாள். நவராத்திரி முடிவில் எங்கள் ஊர்க் கோயில்களில் மானம்பூ என்று ஒரு திருவிழா உண்டு. மகிடாசுரன் வாழைமரமாக வந்து நிற்பான். அம்பாள் அவனை மூன்று முறை சுற்றி வருவாள். பிறகு அவள் சார்பில் ஐயர் வாளை ஓங்கி ஒரே வெட்டில் வாழையைச் சாய்ப்பார். ஒரே வெட்டு என்பதுதான் முக்கியம்.

நாங்கள் முதன்முதலில் மானம்பூ வைத்தது 2008இல். வாள் கிடைக்கவில்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு பாத்திரக் கடையில் மரக்கறிக் கத்தி ஒன்று வாங்கி, குங்குமம் பூசி ஐயரின் கையில் கொடுத்தார்கள். ஐயர் வெட்டினார். வாழை நின்றது. மறுபடி வெட்டினார். வாழை நின்றது. அசுரன் உயிரை விட்டது பதினோராவது வெட்டில். (கடைசி நாலையும் வெட்டு என்று சொல்லமுடியாது. மனுசன் அறுத்தார்.) சனம் எல்லாம் வாயடைத்து நின்றது. அந்த அமைதியில் நான் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்: "அம்பாள் அசுரனைக் கொல்லேல்லை. கறிக்கு அரிஞ்சிருக்கிறா."

பக்கத்தில் நின்றவர் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் தனபாலன் அத்தான்.

தனபாலன் அத்தான் என் அக்காவின் கணவர். கோயில் செயலாளர். திருவிழாக்களில் மைக் பிடித்து நேர்முக வர்ணனை செய்பவரும் அவரே. லண்டனுக்கு வரமுன் பதின்மூன்று வருடம் ஜெர்மனியில் இருந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து, ஃபைல்கள்மேல் தீராத காதல். தன் கலியாணத்துக்கு வாங்கிய பன்னீர்ச் செம்பின் பற்றுச்சீட்டைக்கூடத் துளை போட்டுக் கோர்த்து வைத்திருப்பவர். என்னுடைய பகிடியையும் அப்படித்தான் ஒரு வருடம் கோர்த்து வைத்திருந்தார். அடுத்த வருடம் ஆவணிக் கூட்டத்தில் எடுத்தார்.

"போன வருசம் கறிக்கு அரிஞ்சது எண்டு ஒராள் சொன்னவர்," என்றார் எல்லோர் முன்னாலும். "இந்த வருசம் வாள் உபயம் அவர்தான். டேய் ஈசன், நல்ல பழைய வாளாப் பாத்து எடு. வளைஞ்ச வாள் விக்கக்கூடாது எண்டு போன வருசம் சட்டம் வந்திட்டுது. பழங்காலத்து வாளுக்கு மட்டும் விலக்கு இருக்காம். அத்தாட்சிப் பத்திரம் வேணும். நான் ஃபைல் பண்ண வேணும்."

"அத்தான், நான் பெற்றோல் ஸ்ரேசனில வேலை செய்யிறன். எனக்கு வாளைப் பற்றி என்ன தெரியும்?"

"பகிடிக்கும் வாளுக்கும் ஒரே வாய்தானே. சமாளி."

மறுநாளே நோட்டீஸ் அச்சானது. அன்னதான உபயம், மாலை உபயம், பால் உபயம் என்று வரிசையாகப் போய் அடியில் தடித்த எழுத்தில்: வாள் உபயம் – திரு. பரமேஸ்வரன் (ஈசன்) குடும்பம். எனக்கு உள்ளூரப் பெருமைதான். முப்பத்தெட்டு வயதுவரை என் பெயர் அச்சில் வந்தது அதற்குமுன் ஒரே ஒரு முறை, அதுவும் பார்க்கிங் அபராதக் கடிதத்தில்.

ஆனால் விசயம் வெறும் பெருமையோடு நிற்கவில்லை. அது 2009. அந்த வருடம் என்ன வருடம் என்று எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் மனைவி வதனி சித்திரையிலும் வைகாசியிலும் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் மழையில் நின்று தொண்டை கட்டி வந்தவள். அவளுடைய ஒரே தம்பி ரஞ்சன் வவுனியாவில் முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருந்தான். வாரம் ஒருமுறை யாருடைய போனிலோ இரண்டு நிமிடம் பேசுவான். "சுகமா இருக்கிறன் அக்கா" என்பான். வைத்துவிடுவான். அதன் பிறகு அவள் நெடுநேரம் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் பகிடி சொல்லியே பிழைத்த எனக்கு அந்த நாலைந்து மாதமும் வேலை இல்லாமல் போயிற்று.

நோட்டீஸைக் காட்டியபோது அவள் அதை நெடுநேரம் வாசித்தாள்.

"போன வருசம் ஒழுங்கா வெட்டுப்படேல்லை," என்றாள். "பாத்தியள்தானே, அதுக்குப் பிறகு என்ன வருசம் வந்தது எண்டு."

நான் நோட்டீஸை வாங்கி மடித்தேன்.

"இந்த வருசம் வாழை நான் குடுக்கிறன். எங்கட வாழை. ஒரே வெட்டில விழுந்தா ரஞ்சன் வெளிய வருவான். அம்பாளிட்டக் கேட்டிட்டன்."

எங்கள் வாழை என்பது சாதாரணமானது இல்லை. அவள் ஆறு வருடமாக எங்கள் பின்வளவில் வளர்த்தது. குளிர்காலம் வந்தால் அதற்குப் பழைய போர்வை சுற்றி, கயிறு கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்த்து விடுவாள். (எனக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் போர்வையைக் கேட்டேன். மறுத்துவிட்டாள்.) அந்த வாழையைக் கொடுக்கிறாள் என்றால் விளையாட்டில்லை. வாழை அவளுடையது, வாள் என்னுடையது, நடுவில் தொங்குவது ரஞ்சன்.

நான் கணினியின் முன் உட்கார்ந்தேன்.

அப்போது ஒரு பெரிய ஏல இணையத்தளத்தில் உலகத்தின் பழைய சாமான் எல்லாம் விற்பனைக்கு இருந்தது. மூன்று நாள் தேடினேன். நாலாம் நாள் அதைக் கண்டேன். 'ஒல்லாந்தர் காலத்துக் குதிரைப்படை அதிகாரியின் வாள். மிக அரியது. கீழைத்தேசம்.' படங்கள் எல்லாம் கொஞ்சம் மங்கல், புகைக்குள் நின்று எடுத்ததுபோல. ஆனால் ஒரு படத்தில், அலகின்மேல், மூன்று எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் முத்திரை தெரிந்தது. அதே முத்திரை போட்ட ஒரு செம்புக்காசு எங்கள் வீட்டில் இருந்தது. சின்ன வயதில் அதை வாயில் போட்டு அடி வாங்கியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை. வேறு யாருக்கும் அது வெறும் கோலம். எனக்கு அது ஊர்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? கைப்பிடியின் நுனியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்வான். விற்பவனிடம் வேறென்ன இருக்கிறது என்று பார்ப்பான். நான் ஆவல் தாங்காமல் விற்பவனுக்கு ஒரு கேள்வி எழுதினேன்: ஐயா, இந்த வாள் யாழ்ப்பாணப்பட்டினக் கோட்டையிலிருந்து வந்ததா? ஒல்லாந்தர் எங்கள் ஊரை எழுதிய மாதிரியே ஆங்கிலத்தில் 'ஜாஃப்னாபட்னம்' என்று தட்டினேன். அவசரத்தில் ஒரு 'ன்' விழுந்துபோய் 'ஜாஃபாபட்னம்' என்று போய்விட்டது. நான் கவனிக்கவில்லை.

ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது. 'ஆம் ஐயா. ஜாஃபாபட்னம் கோட்டை. கப்டன் ஒருவரின் குடும்பச் சொத்து. உங்கள் அறிவு வியக்கத்தக்கது.'

என் அறிவை அதுவரை யாரும் வியந்ததில்லை. உடனே வாங்கிவிட்டேன்.

திருவிழாவுக்கு நாலு நாள் முன், புதன்கிழமை பொதி வந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் பக்கத்து வீட்டுக் கென்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கென் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பழைய பட்டாளத்துப் பதக்கம், தொப்பிச் சின்னம், பொத்தான் என்று சேர்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் மேசை போட்டு விற்பார். நீளமான பெட்டியைக் கண்டதும் தூண்டில் தடியா என்று கேட்டார்.

"வாள்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "முந்நூறு வருடப் பழசு."

கென் அடுக்களை மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைகளை ஓரம் தள்ளி, பேப்பர் விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்தார். நான் அத்தாட்சிப் பத்திரத்தை அவர்முன் வைத்தேன். தங்க ஓரம், சிவப்பு முத்திரை. அவர் வாளைப் பார்க்கமுன் அதை வாசித்தார்.

"இந்த ஜாஃபாபட்னம் எங்கே இருக்கிறது? ஆரஞ்சுப்பழம் வருகிற ஜாஃபாவுக்குப் பக்கத்திலா?"

"இல்லை, அது எங்கள் ஊர். எழுத்துப்பிழை," என்றேன். சொல்லி முடிக்கமுன் பத்திரத்தைத் திருப்பி வாசித்தேன். அந்தப் பிழையை எனக்குத் தெரியும். அது என்னுடைய பிழை. நான் தொலைத்த 'ன்' திரும்பி வராமல், தங்க ஓரத்துக்குள் இருந்து என்னைப் பார்த்தது.

கென் வாளை எடுத்துக் கையில் சும்மா நிறுத்திப் பார்த்தார். "மண்வெட்டி மாதிரி முன்பாரம்," என்றார். "சண்டைக்குச் செய்த வாள் கையில் கனக்காது. நாள்முழுக்கத் தூக்கவேண்டும் அல்லவா?" பிறகு பிடியை உருப்பெருக்கியின் கீழே திருப்பினார். "அழுக்கைப் பார். பழைய அழுக்கு மூலைமுடுக்கில் தேங்கும், கை படுகிற இடத்தில் தேயும். இது எல்லா இடமும் ஒரே கறுப்பு. சப்பாத்து மை. மணந்து பார்."

மணந்தேன். என் முதல் வேலை நேர்முகத்துக்குப் போன நாள் ஞாபகம் வந்தது.

"முத்திரையைப் பார். அலகெல்லாம் துரு அரித்த குழி. எழுத்து அந்தக் குழிக்குமேல் கூர்மையாக நிற்கிறது. முதலில் துருப்பிடிக்க வைத்து, பிறகு எழுதியிருக்கிறார்கள். முந்நூறு வருடம் துடைத்த எழுத்து இப்படியா நிற்கும்?" கடைசியாகக் கைப்பிடியின் நுனியில் இருந்த குமிழைக் காட்டினார். "இதுதான் முதலில் பார்க்கவேண்டிய இடம். அசலில் அலகின் வால் பிடிக்குள்ளால் வந்து, இந்த நுனியில் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கப்பட்டிருக்கும். இதில் பார், நண்பா. நட்டு. ஸ்பானரால் கழற்றலாம்."

என் கப்டனின் குடும்பச் சொத்து, குழந்தைகளின் சைக்கிளைப் போல நட்டுப் போட்டு நின்றது.

கென் தன் கணினியில் விற்பனையாளரின் மற்றப் பொருட்களைத் திறந்து காட்டினார். அதே வாள், அதே மங்கல் படம், மூன்று முறை. ஒன்றில் ரஷ்யப் போர், ஒன்றில் பிரெஞ்சுத் தளபதி, ஒன்று ஆப்கானிஸ்தான். கேட்பவருக்குக் கேட்ட இடம். அவன் பொய் சொல்லவில்லை என்றுகூடச் சொல்லலாம். பொய்யை நான் எழுதி அனுப்பினேன், அவன் அச்சடித்துத் திருப்பி அனுப்பினான். அவ்வளவுதான்.

"திருப்பி அனுப்பு," என்றார் கென்.

திருப்பி அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை ஐயர் எதால் வெட்டுவது? மறுபடி மரக்கறிக் கத்தியாலா?

வீட்டுக்கு வந்து, வதனியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கதவைத் திறந்தேன். அவள் பின்வளவில் வாழையின் கீழ்த்தண்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்கு முகம் கழுவிவிடுவதுபோல.

"வந்திட்டுதோ வாள்?"

"ஓம்."

"நல்ல வாளோ?"

"கென் ஒரு மணித்தியாலம் உருப்பெருக்கி வைச்சுப் பாத்தவர்," என்றேன். (அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.)

அடுத்த மூன்று நாளும் நான் பட்ட பாட்டைச் சொன்னால் என்மேல் உங்களுக்கு இருக்கும் மிச்ச மதிப்பும் போய்விடும். பரவாயில்லை. வியாழக்கிழமை கராஜுக்குள் ஒரு பூசணிக்காயை வைத்து வெட்டிப் பார்த்தேன். பூசணி வெட்டுப்படவில்லை. வாள் வளைந்தது. வளைந்து, அப்படியே நின்றது. அசல் என்றால் துள்ளி நேராகுமாம். இது வாய்க்குள் போட்ட சுவிங்கம் மாதிரிச் சொன்னபடி இருந்தது. முழங்காலில் வைத்து நிமிர்த்தினேன். வெள்ளிக்கிழமை அரம் வாங்கிக் கூராக்கினேன். மேல்பூச்சு உரிந்ததே ஒழியக் கூர் வரவில்லை. சனிக்கிழமை பிடி ஆடுவதுபோல இருந்தது. ஸ்பானர் எடுத்து அந்த நட்டை என் பலம் முழுவதும் கொண்டு இறுக்கினேன். 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இறுகிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். (மரை அறுந்த சத்தம் அது. சந்தோசமும் துக்கமும் எனக்கு ஒரே மாதிரித்தான் கேட்கும்.)

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அத்தானும் நானும் இரண்டு பேருமாக வாழையை அடியோடு வெட்டிக் காரின் கூரையில் கட்டி மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். பின்பக்கப் புல்தரையில், மணல் நிரப்பிய பெரிய வாளியில் நட்டோம். அத்தான் வாளைப் பட்டுத்துணிக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தார். நிறுத்துப் பார்க்கவில்லை, மணந்து பார்க்கவில்லை. அத்தாட்சிப் பத்திரத்தை மட்டும் மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தார். துளை போட்டார். ஃபைலில் கோர்த்தார்.

"பரவாயில்லை," என்றார். "நீயும் ஒரு வேலையை ஒழுங்காச் செய்திருக்கிறாய்."

அந்த மனிதர் பதினைந்து வருடத்தில் என்னை முதன்முதலாகப் பாராட்டியது அன்றுதான். நான் வாளை மறுபடி பட்டுத்துணிக்குள் சுற்றினேன்.

அவர் ஐயரை ஏற்றிவரப் போனார். என்னை வாழைக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில்தான், அன்பர்களே, நான் அந்த வாழையை ஏமாற்றினேன்.

மண்டபத்து அடுக்களையில் கம்பளி பின்னும் அம்மாக்களின் பாண்ரொட்டி வெட்டும் கத்தி இருந்தது. வாள்பல் வைத்த கத்தி. அதைக் கொண்டுவந்து, வாழையின் பின்பக்கம், இடுப்பு உயரத்தில், அரைவாசிக்கு அறுத்தேன். போதுமா என்று யோசித்தேன். வாளை நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அறுத்தேன். ரஞ்சனை நினைத்தேன். இன்னும் கொஞ்சம். நிறுத்தியபோது முன்பக்கத்தில் இரண்டு மட்டை அகலம்தான் மிச்சம். வெட்டுத் தெரியாமல் சிவப்புப் பட்டுத் துண்டைச் சுற்றி, மாவிலைத் தோரணம் கட்டினேன். அசுரன் சால்வை போர்த்திய மேடைப் பேச்சாளர்போல நின்றான். நான் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, வாழை நட்ட பிறகு மாற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்றால், காற்று வரக்கூடாது என்று கேட்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சனம் நிறைந்தது. அந்த வருடம் எல்லோரும் ஏதோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததுபோல வந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. வதனி முன்வரிசையில், கையைக் கூப்பி, வாழையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் சட்டைக் கழுத்தில் கொளுவும் மைக்கோடு வர்ணனையைத் தொடங்கினார்.

"அன்பான அடியார்களே. இன்று அம்பாளின் கரத்தை அலங்கரிக்க இருப்பது சாதாரண வாள் அல்ல. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையிலே ஓர் ஒல்லாந்தக் கப்டனின் இடுப்பிலே தொங்கிய வாள். அன்று எங்களை ஆண்ட வாள் இன்று எங்கள் தாயின் கையிலே."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அம்பாள் முதல் சுற்று வந்தாள். காற்று இல்லை. இரண்டாம் சுற்று. ஓர் இலை அசைந்தது. என் உயிர் அந்த இலையில் இருந்தது. மூன்றாம் சுற்று முடிந்து, அம்பாள் வாழைக்கு நேர்முன்னால் வந்து நின்றாள். ஐயர் வாளைக் கையில் வாங்கவே இல்லை. அதற்குத் தீபம்தான் காட்டிக்கொண்டிருந்தார். அத்தான் குரலை உயர்த்தினார்: "இதோ, அகங்காரமே உருவான அசுரன் நிமிர்ந்து நிற்கிறான் பாருங்கள்."

அசுரன் விழுந்தான்.

படார் என்றுகூட விழவில்லை. வெயிலில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை மயங்குவதுபோல, முதலில் கொஞ்சம் சாய்ந்து, யோசித்து, பிறகு மெதுவாக, அம்பாளின் காலடியில் இலைகளை விரித்துப் படுத்தான்.

ஒரு நொடி மண்டபமும் புல்தரையும் மோர்டனும் மூச்சை நிறுத்தின. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு கிழவி "அரோகரா" என்று அலறினாள். அவ்வளவுதான். எல்லோரும் அலறினார்கள். "வாளே எடுக்கேல்லை." "கண்ணால பாத்தாவே, விழுந்திட்டான்." "அம்மாளாச்சி, அம்மாளாச்சி." சிலர் புல்லில் விழுந்து கும்பிட்டார்கள். அத்தானுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வர்ணனை வரவில்லை. வதனியைப் பார்த்தேன். அவள் கண் முட்டிப்போய் நின்றாள்.

இங்கேயே முடிந்திருந்தால் நான் இன்றைக்கு மோர்டனில் பெரிய மனிதன். ஆனால் ஐயர் முறை தெரிந்தவர். "அம்பாள் பாத்தது அம்பாளின்ர வேலை. வாள் எடுத்த கிரியையை நான் முடிக்க வேணும்," என்று சொல்லி, விழுந்து கிடந்த தண்டின்மேல் ஒரு வெட்டு வைப்பதற்காக வாளைத் தலைக்குமேல் ஓங்கினார்.

பிடி அவர் கையில் நின்றது. அலகு தன் பாட்டில் புறப்பட்டுப் போனது.

நல்லவேளை, அவருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அலகு வெயிலில் ஒருதரம் மினுங்கி, தகரத் தட்டு விழும் சத்தத்தோடு புல்லில் விழுந்து, முழங்கால் மடித்ததுபோல வளைந்து கிடந்தது. ஐயர் வெறும் பிடியை ஓங்கியபடி அப்படியே நின்றார், பஸ்ஸில் கம்பி பிடித்தவர்போல.

அத்தான் போய் அலகைத் தூக்கினார். பிடிக்குள் இதுவரை ஒளிந்திருந்த வால்பகுதி இப்போது வெளியே இருந்தது. அதில் ஏதோ பொறித்திருந்தது. அத்தான் கண்ணாடியை மாற்றிப் போட்டார். எழுத்து என்று ஒன்றைக் கண்டால் முழுவதும் வாசிக்காமல் விடாத மனிதர் அவர். மைக் சட்டைக் கழுத்திலேயே இருந்தது.

"மேட் இன் இண்டியா," என்று ஒலிபெருக்கி மோர்டனுக்கு அறிவித்தது. "ஐற்றம் நம்பர் நாலு சைபர் ஏழு. ஃபோர் டெக்கரேசன் ஒன்லி."

அதற்குப் பிறகு வந்த அமைதி இருக்கிறதே, அதில் நான் என் மரணத்தைக் கேட்டேன். கார்ச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தடவிப் பார்த்தேன். சுவிஸில் ஒரு சித்தப்பா இருக்கிறார், அங்கே போய்விடலாமா என்றுகூட ஒரு கணக்கு ஓடியது.

அப்போது முன்வரிசையில் ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். வதனி. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்து ஓடினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கிட்டத்தில் கண்டதும் அடக்கமுடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புல்லிலேயே இருந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற கிழவிக்கு அது தொற்றியது. பிறகு ஐயருக்கு. அவர் பிடியை ஓங்கியபடியே சிரித்தார். பிறகு எல்லோருக்கும். அந்த வருடம் எங்கள் ஆட்கள் கூடிய இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது எனக்குத் தெரிய அதுதான் முதல் தடவை. சிலர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்கள். எது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அத்தான் மட்டும் சிரிக்காமல் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மைக்கைக் கழற்றினார்.

"ஜாஃபாபட்னம் எண்டு போட்டிருந்ததை நான் காலமை கண்டனான்."

"பிறகேன் அத்தான் பேசாமல் விட்டனீங்கள்?"

"ஒரு நாளைக்கு எண்டாலும் நீ கொண்டு வந்தது சரியா இருக்கட்டும் எண்டு நினைச்சன்," என்றார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. தோள் குலுங்கியது. "டெக்கரேசன் ஒன்லி. எளிய நாயே." அலகில் இருந்த எழுத்தை அவர் அன்றே படம் எடுத்து, அத்தாட்சிப் பத்திரத்துக்குப் பின்னால் கோர்த்து வைத்திருக்கிறார். நோட்டீஸில் இருந்த என் பெயரும் அதே ஃபைலில்தான் இருக்கிறது.

காரில் வீட்டுக்கு வரும்போது வதனி வெளியே பார்த்தபடி இருந்தாள். நான் நட்டின் கதை, கென்னின் கதை, சப்பாத்து மை எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பாண் கத்தியை மட்டும் விட்டுவிட்டேன். அம்பாள் விழுத்திய வாழை அம்பாள் விழுத்தியதாகவே இருக்கட்டும். அவளுக்கு அது தேவை.

"சேட்டைக் கழட்டித் தாங்கோ, ஊறப்போட," என்றாள் வீட்டுக்குள் வந்ததும்.

கழற்றிக் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். வெள்ளைச் சட்டையின் அடியில், ஐந்து விரலும் தெரிய, பழுப்பு நிறத்தில் வாழைக்கறை. எங்கள் ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், வாழைக்கறை எந்தத் தூளுக்கும் போகாது.

"பின்னேரம் நீங்கள் கும்பிட வந்து நிக்கேக்கயே கண்டனான்," என்றாள். "வாழை நிக்குது, கறை உங்கட சேட்டில கிடக்குது."

"நேர்த்தி..." என்றேன்.

"நான் அம்பாளிட்டக் கேட்டது வாழை விழவேணும் எண்டுதான். ஆர் விழுத்தவேணும் எண்டு கேக்கேல்லை." சட்டையை மடித்தாள். ஊறப்போடவில்லை. அது இன்றைக்கும் அலுமாரியில் இருக்கிறது.

அந்த வருடம் முடியமுன் ரஞ்சன் முகாமைவிட்டு வெளியே வந்தான். கிழவிகள் இன்னும் மானம்பூ வந்தால் அம்பாள் கண்ணால் வாழையைச் சாய்த்த கதையைச் சொல்வார்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். வதனி என் சட்டையைப் பார்ப்பாள். பின்வளவில் அடியோடு வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வாழை குட்டி போட்டு, இப்போது மூன்றாக நிற்கிறது; போர்வையும் மூன்று.

வாளை நிமிர்த்தி, புது நட்டுப் போட்டு, வரவேற்பறைச் சுவரில், நான் வழக்கமாக உட்காரும் கதிரைக்கு நேர்மேலே மாட்டியிருக்கிறோம். ஆறு வருடம் கழித்து ரஞ்சன் லண்டனுக்கு வந்தான். விமான நிலையத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல், கதவடியில் நின்றபடி கேட்டான்: "அக்கா, அந்த டெக்கரேசன் ஒன்லி எங்க?"

வதனி ஒரு கணமும் யோசிக்கவில்லை. சுவரைக் காட்டாமல், கீழே கதிரையில் இருந்த என்னைக் காட்டினாள்.

அன்றிலிருந்து எனக்கு இந்த வீட்டில் அதுதான் பெயர். மின்குமிழ் மாற்ற எழும்பினாலும் சரி, அக்காவின் மகனின் காரைத் திருத்தப் போனாலும் சரி, எல்லாப் பக்கத்தாலும் குரல் வரும்: "நீங்கள் இருங்கோ." நானும் இருந்துவிடுவேன். மேலே அது தொங்கும், கீழே நான் இருப்பேன். தூசு தட்டும் நாளில் வதனி இரண்டு பேரையும் ஒரே துணியால் தட்டிவிட்டுப் போவாள்.